பையன் சரியில்லை என்று எழுதுவதற்கு முன்

(பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் பள்ளி உளவியல் ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



வழக்கமாகக் கூட்டம் என்றால் போனை உள்ளே வையுங்கள் என்றுதான் சொல்வார்கள். நான் எடுக்கச் சொல்றேன். ஒரு நிமிடம் எடுங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழு அதில் இருக்கும். கடந்த ஒரு மாதத்தில் ஏதாவது ஒரு குழந்தையைப் பற்றி அதில் புகார் வந்திருக்கிறதா என்று பாருங்கள். "அந்தக் கடைசி பெஞ்ச் பையன் மறுபடியும் அடிச்சிட்டான்." "இந்த மாதிரிப் பிள்ளைங்களை எல்லாம் ஏன் கிளாஸ்ல வெச்சிருக்காங்க?" இப்படி ஏதாவது வந்திருக்கும். கீழே நாலு பேர் கட்டைவிரல் போட்டிருப்பார்கள். அந்தப் பையனின் அம்மாவும் அதே குழுவில்தான் இருப்பார். அவர் மட்டும் எதுவும் எழுதியிருக்க மாட்டார்.

அப்படிப்பட்ட ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்றேன். ஊர், பள்ளி, பெயர் எதுவும் வேண்டாம். பையன் ஏழாம் வகுப்பு. அம்மா பனியன் கம்பெனியில் வேலை. ஒரு நாள் மத்தியானம் எனக்குப் போன் வந்தது. பின்னால் மிஷின் சத்தம். "ஏனுங்க மேடம், பையனுக்கு டி.சி. வாங்கிட்டுப் போகச் சொல்றாங்க. நாலு மாசத்துல ஆறு தடவை லீவு போட்டுட்டு வந்துட்டேனுங்க. இனி லீவு போட்டா எனக்கு இங்கயும் வேலை இல்லீங்க."

பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தி சொச்சம் பிள்ளைகள் உள்ள வகுப்பு. இவன் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுகிறான், புத்தகத்தைத் தூக்கி எறிகிறான், சொல்லாமல் வெளியே ஓடுகிறான். ஒரு பையனுக்கு உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பையனின் அப்பா வந்து சத்தம் போட்டிருக்கிறார். இவனைப் பற்றித் தனியாக ஒரு நோட்டே போட்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். "அடங்காதவன்." "ஒழுக்கமில்லை." "மிகவும் மோசம், பெற்றோரை அழைத்துவரச் சொல்லப்பட்டது." பக்கம் பக்கமாக இதுதான். எந்த நேரத்தில் நடந்தது, அதற்கு முன்னால் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது, நடந்த பிறகு யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி கூட இல்லை.

எங்கள் துறையில் எல்லாம் தொடங்குவது இங்கேதான். அவன் எப்படிப்பட்டவன் என்பதை நாங்கள் முதலில் கேட்பதில்லை, என்ன நடந்தது என்பதைத்தான் கேட்போம். அதற்கு மூன்று கட்டம் போதும். முதல் கட்டத்தில் முன்னால் என்ன நடந்தது. இரண்டாவதில் குழந்தை என்ன செய்தது. மூன்றாவதில் அதன் பிறகு என்ன ஆனது. நாள், நேரம், பாடவேளை சேர்த்து எழுத வேண்டும். "கோபப்பட்டான்" என்று எழுதக் கூடாது, "நாற்காலியைத் தள்ளிவிட்டான்" என்று எழுத வேண்டும். கோபம் என்பது நம் ஊகம்தானே, கண்ணால் பார்த்தது நாற்காலி விழுந்ததை மட்டும்தான்.

இரண்டு வாரம் மட்டும் டி.சி. பேச்சை நிறுத்தி வையுங்கள், இப்படி எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். சட்டத்தையும் சொன்னேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. "நாங்க வெளியேத்தலைங்க மேடம், அவங்களா வாங்கிட்டுப் போறதுதான்" என்றார்கள். பெற்றோரே கேட்டு வாங்குவது வேறு, கேட்க வைப்பது வேறு. உங்களில் யாருக்காவது இப்படி நடந்தால், "டி.சி. கேட்டு எழுதிக் கொடுங்க" என்று சொல்லும் இடத்தில் பேனாவை எடுக்காதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிடலாம். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துத் தாள்கள் வந்தன. தமிழ் டீச்சர் மிகவும் நேர்மையாக எழுதியிருந்தார், அவருக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன். தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். கணக்குப் பாடவேளையில் ஒன்றுமே இல்லை. விளையாட்டில் ஒன்று, அது கபடியில் வரும் சாதாரணச் சண்டை. மற்றதெல்லாம் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல். அதிலும் ஒவ்வொருவராக எழுந்து சத்தமாக வாசிக்கும் நேரம். வரிசை இவனை நோக்கி வரும்போது, இவனுக்கு இரண்டு பேர் முன்னால் ஏதாவது ஒன்று நடக்கிறது. மூன்றாவது கட்டத்தில் எல்லாத் தாளிலும் ஒரே விஷயம்தான்: "வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டான்."

அவனுக்கு வேண்டியதே அதுதான். நாற்பது பேர் முன்னால் எழுத்துக்கூட்டித் திணறி, சிரிப்புக்கு ஆளாவதைவிட, ரவுடி என்ற பெயரோடு வராந்தாவில் நிற்பது அவனுக்கு மேல். நாம் தண்டனை என்று கொடுத்தது அவனுக்குத் தப்பிக்கும் வழியாக இருந்திருக்கிறது. நாம் கொடுக்கக் கொடுக்க, அவனும் செய்துகொண்டே இருந்தான்.

தனியாக உட்காரவைத்து மூன்றாம் வகுப்புப் பாடம் ஒன்றை வாசிக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். அதே கதையை நான் வாசித்துவிட்டுக் கேள்வி கேட்டால் டக் டக்கென்று பதில் சொல்கிறான். கேட்டதைப் புரிந்துகொள்கிறான், எழுத்தைப் பார்த்தால் திணறுகிறான். முறையான பரிசோதனைக்கு அனுப்பினோம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று வந்தது, டிஸ்லெக்சியா என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழாம் வகுப்பு வரை அவனுக்கு அது இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அவன் ஒழுக்கத்தைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், கூப்பிட்டால் திரும்பாத, சொன்னதைச் செய்யாத ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்தேன். அறிக்கையில் "எதிர்ப்பு மனப்பான்மை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்த திமிர்தான், வேறென்ன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குழந்தைக்கு இரண்டு காதிலும் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. என் காகிதத்தைக் காட்டியே அந்த ஒரு வருடம் முழுக்க அந்தப் பிள்ளையைத் திட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண், காது பார்க்காமல் நான் எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

இது என்னோடு தொடங்கிய பாடமும் இல்லை. 1896ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் உலகின் முதல் உளவியல் கிளினிக்கைத் தொடங்கினார். முதலில் அங்கே வந்தது ஒரு 14 வயது பள்ளி மாணவன். எழுத்துப் பிழை ஓயாத அவனை ஒரு ஆசிரியைதான் அழைத்து வந்தார். விட்மர் பார்த்ததும் முதலில் அவன் கண்ணைத்தான். கண்ணாடி போட்டார்கள், அப்புறம் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வருகிறதே, அந்த நாளில் உங்கள் பிள்ளையை லீவு போடவைக்காதீர்கள். ஏதாவது சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். மேல் பரிசோதனை வேண்டும் என்றால் அந்தக் குழுவே மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைக்கும்.

சரி, நியாயம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது சிலருக்குக் கசக்கும்.

ஒரே காரியத்தை இரண்டு பிள்ளைகள் செய்தால் நாம் இரண்டு பெயர் வைக்கிறோம். வசதியான வீட்டுப் பிள்ளை வகுப்பில் சுற்றிக்கொண்டே இருந்தால் "ரொம்ப ஆக்டிவ்". கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளை சுற்றினால் "வளர்ப்பு சரியில்லை". முதல் பிள்ளையைத் தனியார் நிபுணரிடம் அழைத்துப் போகிறார்கள். இரண்டாவது பிள்ளை வேறு பள்ளி தேடிப் போகிறது. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். "அது பேசவே பேசாதுங்க மேடம், மந்தம்" என்று ஒரு குழந்தையைக் காட்டினார்கள். அதன் மொழியில் பேசும் இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு கொஞ்ச நேரம் தள்ளி நின்றேன். வாய் மூடவே இல்லை. சிரிப்புதான் வந்தது, கூடவே வெட்கமும்.

உலகம் முழுக்க நடந்த தவறு இது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் நுண்ணறிவுச் சோதனை வைத்து, கறுப்பினக் குழந்தைகளை அவர்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்புகளில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். லாரி பி. வழக்கு என்று அதற்குப் பெயர். அந்தக் குழந்தைகளை அப்படிப் பிரிக்க அந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979ல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பளித்தார். எங்கள் துறையில் எல்லாரும் படிக்கும் வழக்கு இது. ஆகவே யாராவது உங்கள் பிள்ளைக்குச் சோதனை வைத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: எந்த மொழியில் வைத்தீர்கள்? எங்கள் பிள்ளைக்கு அந்த மொழி எவ்வளவு தெரியும் என்று பார்த்தீர்களா? அறிக்கையின் நகல் தருவீர்களா?

நியாயம் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று நினைக்கிறோம். அந்தப் பையனுக்கு என்ன செய்தோம் என்று சொல்றேன், பெரிய செலவு ஒன்றும் இல்லை. சத்தமாக வாசிக்கும் பகுதியை முந்தின நாளே டீச்சர் அவனுக்குக் குறித்துக் கொடுத்துவிடுவார், நாலே வரி. வீட்டில் அக்கா துணையோடு பழகிவிட்டு வருவான். வரிசை முறை வாசிப்பு நிறுத்தப்பட்டது, அது வகுப்பு முழுவதற்கும் நல்லதாகப் போயிற்று. தாங்க முடியாமல் போனால் டீச்சர் மேசையில் ஒரு மஞ்சள் அட்டையை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வரலாம். வெளியே நிற்கவைக்கும் தண்டனை அறவே கிடையாது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் ஒரு நாள் எழுத்துப் பயிற்சி கொடுத்தார். "அவனுக்கு மட்டும் எதுக்கு அட்டை?" என்று மற்ற பிள்ளைகள் கேட்டார்கள். "கண்ணாடி போட்டிருக்கறவங்களைப் பார்த்து, எனக்கும் கண்ணாடி வேணும்னு கேப்பீங்களா?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். ஒருவன், "எனக்கும் வேணும் டீச்சர், ஸ்டைலா இருக்கும்" என்றானாம். அவனை என்ன செய்வது!

அதே வகுப்பில் இன்னொரு குழந்தை. இந்தப் பையனுக்காக நான் போய் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் கவனித்தேன். ஒரு சத்தமும் இல்லாத பெண் பிள்ளை. எந்த நோட்டிலும் அவள் பெயர் இல்லை. திங்கட்கிழமைகளில் வருவதில்லை, வந்தாலும் மூன்றாவது பாடவேளையில் தூங்கிவிடுவாள். "ரொம்ப நல்ல பொண்ணு மேடம், தொந்தரவே கிடையாது" என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா படுத்த படுக்கை, வீட்டு வேலை முழுவதும் இவள்தான், காலையில் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. பள்ளியில் வைத்திருக்கும் "மாணவர் மனசு" பெட்டியில் அவளே ஒரு துண்டுச் சீட்டு போட்டிருந்தாள். அதில் பெயர் இல்லை. கையெழுத்தை வைத்துத் தமிழ் டீச்சர் கண்டுபிடித்தார், யாரிடமும் காட்டாமல் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மேசையைத் தட்டுகிற பிள்ளைக்குக் கூட்டம் கூடுகிறது, ஓரமாக அழுகிற பிள்ளைக்கு யாரும் வருவதில்லை. உங்கள் வீட்டில் சமர்த்தாக இருக்கும் பிள்ளையையும் வாரத்துக்கு ஒரு முறை, மார்க் பேச்சு இல்லாமல், சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்பது சான்றிதழ் பற்றி. சான்றிதழ் இருந்தால்தான் பள்ளி உதவும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது, அது சரியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்கிறது. அது அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும் அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். தனியார் பள்ளியும் அதில் அடங்கும். முந்தின நாளே நாலு வரி குறித்துக் கொடுக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, கவனச்சிதறலும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. அதில் தனியாக இல்லை. அதற்காக அந்தப் பிள்ளையை வராந்தாவில் நிற்கவைக்கலாம் என்று ஆகிவிடுமா? பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத்தான் சான்றிதழ் கண்டிப்பாக வேண்டும். அதைப் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் தேடி ஓடாதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் நேரில் போக வேண்டும்.

போன் பேச்சு வந்ததால் இன்னொன்று. உங்கள் போனில் நோட்ஸ் செயலியைத் திறந்து நான் சொன்ன மூன்று கட்டத்தையும் இரண்டு வாரம் வீட்டிலேயே எழுதிப் பாருங்கள். வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்போது அடம் பிடிக்கிறதா, போனைப் பிடுங்கும்போதா, அப்பா வீட்டுக்கு வரும் நேரத்திலா? எழுதினால் தெரியும். ஆனால் குழந்தை அழுவதையும் கத்துவதையும் வீடியோ எடுக்காதீர்கள். "ஆதாரத்துக்குத்தான் மேடம்" என்பார்கள். அந்த வீடியோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து பிள்ளைகள் போனுக்கே போய்விடுகிறது. அப்புறம் அந்தக் குழந்தை எந்த முகத்தோடு பள்ளிக்கு வரும்? எழுதிய குறிப்பை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களைப் போன்ற பெற்றோர்தான் அதிகம் பேர், அங்கேயும் பேசலாம். ஆனால் குழந்தையின் பெயரை மேசையில் போட்டு அலசாதீர்கள்.

இந்தப் பேச்சை முந்தின மாதம் வேறொரு கூட்டத்தில் பேசினேன். முடிந்ததும் ஒரு அப்பா எழுந்தார். கோபத்தில் இருந்தார். "அடிச்ச பையனுக்கு இவ்வளவு பேசுறீங்க மேடம். அடி வாங்கின பையனுக்கு யாருங்க பேசறது? என் பையன் ஒரு மாசமா ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுவறான்."

நியாயமான கேள்வி. முதலில் கவனிக்க வேண்டியதும் அந்தப் பிள்ளையைத்தான், இதில் இரண்டு பேச்சு கிடையாது. நான் சொன்ன பள்ளியிலும் தையல் போட்ட பையனை முதலில் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். நான் நாலு நாள் கழித்துத்தான் பார்த்தேன், அது பிழை. அவனுக்கு வேறு இடத்தில் இருக்கை மாற்றினோம், ஆனால் அவனைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றினோம். அவன் நண்பர்களோடு இருக்க வேண்டும் என்றான், ஆகவே நகர்ந்தது மற்றவன். இடைவேளையில் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு டீச்சரை அவனே தேர்ந்தெடுத்தான். மன்னிப்புக் கேட்கும் நிகழ்ச்சி எதுவும் நடத்தவில்லை. அவன் தயாராக இல்லை, கட்டாயப்படுத்தி கை குலுக்கவைத்து என்ன பிரயோஜனம்? அடித்தவன் பொறுப்பில் இருந்து தப்பவும் இல்லை. கிழித்த புத்தகத்துக்கு அட்டை போட்டு ஒட்டிக் கொடுத்தான், ஒரு வாரம் மதிய இடைவேளையில் நூலக அலமாரியை அடுக்கினான். அடியும் திட்டும் மட்டும்தான் இல்லை. அவை சட்டப்படியே கூடாது, கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

அந்த அப்பாவுக்கு நான் சொன்னதில் பாதிதான் திருப்தி. மீதி பாதிக்கு அவர் பையனின் பள்ளிக்கு நான் போக வேண்டும் என்றார். போனேன், இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அதே பள்ளிதான். இந்த வருடமும் இரண்டு சண்டை போட்டிருக்கிறான். வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. கணக்கில் நல்ல மார்க். அம்மா இந்த வருடம் பள்ளிக்காக லீவு போட்டது ஒரே ஒரு நாள், அதுவும் ஆண்டு விழாவுக்கு.

கிளம்புவதற்கு முன் நாலு எண்களைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். பள்ளிக் கல்வி தொடர்பான வழிகாட்டுதலுக்கும் புகாருக்கும் 14417. மனநல ஆலோசனைக்கு 14416, டெலி மானஸ், இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைக்கு ஆபத்து, துன்புறுத்தல் என்றால் 1098. மருத்துவ ஆலோசனைக்கு 104. உங்கள் போனில் பதிந்தால் மட்டும் போதாது, பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகத் தெரியட்டும். பெற்றோரிடம் சொல்ல முடியாத விஷயமும் அவர்களுக்கு இருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நான் ஐந்து மணி வரை இங்கேதான் இருப்பேன்.